"கேஸ் மட்டும் அடிச்சு விட்ருங்க": ஒரு கார் ஏசி மெக்கானிக்கின் வேண்டுகோள்

சித்திரை வெயில் ஏற ஆரம்பித்ததும் மதுரையில் எங்கள் பட்டறை வாசலில் தினமும் கேட்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "அண்ணே, கூலிங் கம்மியா இருக்கு, கேஸ் மட்டும் அடிச்சு விட்ருங்க." சமீப வருடங்களில் இன்னொரு வகையினரும் வருகிறார்கள். ஆன்லைனில் கேஸ் டின் வாங்கி, வீடியோ பார்த்துத் தாங்களே ஏற்றிவிட்டு, கம்ப்ரசர் சத்தம் போட ஆரம்பித்த பிறகு வருபவர்கள்.

பெட்ரோல் மாதிரி ஏசி கேஸும் ஓட ஓடத் தீர்ந்துபோகும் என்பது இரண்டு தரப்பினரின் நம்பிக்கை. அது தீராது. கேஸை அழுத்தும் கம்ப்ரசர், வண்டியின் முன்பக்கம் இருந்து சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர், அழுத்தத்தை இறக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு, காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில், மறுபடி கம்ப்ரசர் என்று மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரப்பர் ஹோஸ் வழியாக வருடத்துக்குச் சில கிராம் கசிவது இயல்பு. ஒரே சீசனில் கூலிங் போய்விட்டது, காரணமும் கேஸ் குறைவுதான் என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

கேஸ் குறையாமலே கூலிங் குறைவதும் அடிக்கடி நடக்கிறது. பள்ளி ஆசிரியர் ஒருவர், எதையும் பொறுமையாகப் படித்துச் செய்கிறவர். ஹைவேயில் நன்றாக இருந்த கூலிங், காளவாசல் சிக்னலில் நின்றால் போய்விடுகிறது என்று ஒரு டின் கேஸ் வாங்கி ஏற்றினார். இரண்டு நாள் பரவாயில்லை போலிருந்தது. மூன்றாம் நாள் கம்ப்ரசர் இறுகிவிட்டது. வண்டி வந்ததும் முதலில் முன்பக்க ஃபேனைப் பார்த்தேன், அது சுற்றவே இல்லை. அதற்குக் கரண்ட் விடுகிற சின்ன சுவிட்சான ரிலே போயிருந்தது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கும். நின்றால் ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அவர் சொன்ன அறிகுறியிலேயே பதில் இருந்தது. கேஸ் சரியான அளவில் இருந்த சிஸ்டத்தில் இன்னும் கேஸ் ஏற்றியதால் அழுத்தம் எகிறி, சில நூறு ரூபாய் ரிலேயில் முடிய வேண்டியது 20,000 ரூபாய்க்கு மேல் போனது. அந்த மனிதர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

வீட்டில் எதையுமே தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குழாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது, அதை நீங்களே செய்வதுதான் நல்லது. காற்று குறைவாக வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், பத்து நிமிட வேலை. ஃபில்டரில் வேப்பம்பூவும் எலி கடித்த காகிதமும் அடைத்துக்கொண்டு வந்த வண்டிகளை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். எலி ஒயரையும் கடித்திருக்கலாம், பானட்டைத் திறந்த கையோடு அதையும் பாருங்கள். ஏசியைப் போட்டுவிட்டு முன்பக்க ஃபேன் சுற்றுகிறதா என்று கவனியுங்கள், கையை மட்டும் உள்ளே விட வேண்டாம். சுற்றாவிட்டால் இஞ்சினை அணைத்துவிட்டு ஃபியூஸைப் பாருங்கள். ரிலேயைச் சோதிக்க, பெட்டியில் அதே எண் போட்ட வேறொரு ரிலேயை மாற்றிப் போட்டாலே போதும். கண்டென்சரில் மண்ணும் பூச்சியும் அப்பியிருந்தால் இஞ்சின் ஆறிய பிறகு சாதாரண ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பின் வேகத்தில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, காற்று போகிற வழியே அடைபட்டுவிடும்.

ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயப்படாதீர்கள், சொட்டத்தான் வேண்டும். அடியில் சொட்டாமல் உள்ளே கால்வைக்கும் இடத்தில் கார்பெட் நனைந்தால் அந்தத் தண்ணீரை வெளியேற்றும் டிரெய்ன் ஹோஸ் அடைத்திருக்கிறது. ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்ந்துவிட்டுப் பிறகு காற்றே வராமல் போனால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டியிருக்கலாம். பைப் ஜாயின்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால் அந்த இடத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து சுற்றுவதால், கேஸ் கசிகிற இடத்தில் ஆயிலும் கசியும். அந்தப் போட்டோ எனக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

இதற்கு மேல் கையை வைக்காதீர்கள். அதற்குக் காரணம் சொல்கிறேன்.

டின்னோடு வரும் சின்ன பிரஷர் கேஜைப் பார்த்துக் கேஸ் அளவைச் சொல்ல முடியாது. வீட்டுச் சமையல் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். நிறைந்திருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும், தீரும் நாளில்தான் தெரியும். உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும் வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். ஆர்-134ஏ என்ற வகை ஏசி கேஸ் இருக்கும் வண்டி 30 டிகிரியில் ஓடாமல் நின்றால், கேஸ் முழுசாக இருந்தாலும் பாதி இருந்தாலும் கேஜ் 97 பி.எஸ்.ஐ. அருகில்தான் காட்டும். ஓடும்போது காட்டுவதும் வெயில், ஃபேன், ப்ளோயர் வேகம் எல்லாம் சேர்ந்த கணக்கு. அதனால்தான் நாங்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, தராசில் வைத்து எடை பார்த்து ஏற்றுகிறோம். சின்ன கார்களுக்கு 350 முதல் 450 கிராம் வரை. சரியான எண் பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்.

ஏற்றும் முன் வேக்கம் போடுவது, அதாவது குழாய்க்குள் இருப்பதைப் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது, பம்பை ஓடவிட்டு நேரம் கடத்துகிற சடங்கு இல்லை. கொடைக்கானலில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், அங்கே காற்றழுத்தம் குறைவு. வேக்கம் பம்ப் அழுத்தத்தை இன்னும் எவ்வளவோ கீழே இறக்குவதால் குழாய்க்குள் இருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். அந்த ஈரம் உள்ளே தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸாகும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். டின்னிலிருந்து நேராக ஏற்றும்போது ஹோஸில் இருக்கும் காற்றும் ஈரமும் உள்ளே போய்விடுகிறது.

கம்ப்ரசர் ஓடவில்லை என்றால் பிரஷர் சுவிட்ச் ஒயரை நேராக இணைத்து ஓட வையுங்கள் என்று சில வீடியோக்கள் சொல்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். கேஸ் இல்லாதபோது ஆயில் திரும்பி வராது, கம்ப்ரசர் வறண்டு சாகும். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த சுவிட்சே வைத்திருக்கிறார்கள்.

உடம்புக்கு ஆகிற ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஆர்-134ஏ சுமார் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிற பொருள். திரவமாகத் தெறித்தால் தோல் உறைந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எங்களிடம் வேலை பழகிய பையன் ஒருவனுக்கு ஒரு நொடியில் இரண்டு விரல் கொப்புளித்ததைப் பார்த்திருக்கிறேன். கோடையில், கம்ப்ரசர் அழுத்தி வெளியே தள்ளுகிற ஹை பிரஷர் பக்கம் 250 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். தெரியாமல் அந்தப் பக்கத்தில் டின்னை மாட்டினால் கையிலேயே வெடிக்கலாம்.

டின்னுக்குள் என்ன இருக்கிறது என்பதும் நிச்சயமில்லை. 2011-இல் வியட்நாமில் கேஸ் நிரப்பப்பட்ட குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்து உயிர்கள் போயின. ஆர்-134ஏ என்ற பெயரில் ஏற்றியதில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளாக மாறும். கார் கண்டென்சரும் கூலிங் காயிலும் அலுமினியம்தான். விலை குறைவு என்று பேர் தெரியாத டின்னை வாங்குமுன் இதை யோசியுங்கள். சமையல் கேஸை ஏற்றினாலும் கூலிங் வரும் என்று சொல்பவர்களும் உண்டு. வரும்தான். ஆனால் கூலிங் காயில் இருப்பது டேஷ்போர்டுக்குள். அங்கே கசிந்தால் உங்கள் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் மூடிய அறைக்குள்தான் அந்த கேஸ் நிறையும்.

எலக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டிகளில் ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் கிட்டவே போகாதீர்கள், கம்ப்ரசருக்கே நூற்றுக்கணக்கான வோல்ட் போகிறது. கம்ப்ரசர் ஆயிலும் வேறு. சாதாரண கார் ஏசி ஆயில் கலந்துவிட்டால் மின்காப்பே கெட்டுவிடும்.

காற்றில் விடுகிற கேஸுக்கும் கணக்கு உண்டு. ஒரு கிலோ ஆர்-134ஏ பூமியைச் சூடாக்குவதில் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு சின்ன காரின் 400 கிராமைத் திறந்துவிடுவது, சுமார் 250 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஈடு. கேஸ் ஏற்றும் வாயில் இருக்கும் ஊசி வால்வை அழுத்திப் புஸ்ஸென்று விடும் பட்டறைகள் எங்கள் தொழிலிலும் இருக்கின்றன. அது தவறு, கேஸை மெஷினில் பிடிக்க வேண்டும்.

எந்தப் பட்டறைக்குப் போனாலும் லீக் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை போட்டால் குமிழி கண்ணெதிரே வரும். வேக்கம் குறைந்தது அரை மணி நேரம் போட்டார்களா, பம்பை நிறுத்திய பிறகு கேஜ் முள் அசையாமல் நின்றதா, எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்று கேட்டு, அந்த எடையைப் பில்லில் எழுதி வாங்குங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடத்தில் வண்டியை விட வேண்டாம்.