வார்டில் எழுதப்படும் நான்கு வரிகளும் ஆல்பா ஒமேகா ஆல்பா உறுப்பினர் தகுதியும்

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் வகுப்பறையை விட்டு வார்டுக்கு வருவது பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில். பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறு, மனநலம் என்று ஒவ்வொரு துறையிலும் சில வாரங்கள் பணியாற்றுகிறார்கள். கிளர்க்‌ஷிப் எனப்படும் அந்தச் சுற்று ஒவ்வொன்றும் முடிந்ததும் உடனிருந்த மருத்துவர்களுக்கு ஒரு மதிப்பீட்டுப் படிவம் வருகிறது; மாணவரைப் பற்றி நான்கு வரிகள் எழுதுவது அதில்தான். பொது மருத்துவப் பிரிவில் மாணவர்களுக்குக் கற்பிப்பவன் என்ற முறையில் நானும் அந்தப் படிவங்களைப் பல ஆண்டுகளாக நிரப்பி வருகிறேன். ஒருவர் ஆனர்ஸ் எனப்படும் உச்சத் தரம் பெறுகிறாரா, பிறகு ஆல்பா ஒமேகா ஆல்பா என்ற கௌரவச் சங்கத்தில் இடம் பிடிக்கிறாரா என்பது பெருமளவு இந்தப் படிவங்களைப் பொறுத்தே அமைகிறது. அந்த முடிவில் மாணவரின் இனமும் நுழைகிறது என்பதை, இங்கே அமெரிக்காவில் பிள்ளைகளை மருத்துவம் படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆல்பா ஒமேகா ஆல்பா 1902இல் சிகாகோவில் வில்லியம் ரூட் என்ற மருத்துவ மாணவரின் முயற்சியில் தொடங்கப்பட்டது. வகுப்பின் முதல் கால் பகுதியினரைத் தகுதியுடையோராகக் கொண்டு, அவர்களிலிருந்து மொத்த வகுப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினரைத் தேர்ந்தெடுப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. தலைமைப் பண்பு, சேவை ஆகியவையும் கணக்கில் கொள்ளப்படும் என்பதால் தேர்வுக் குழுவின் சொந்த அபிப்பிராயத்துக்கு அங்கே நிறைய இடமுண்டு. தோல் மருத்துவம், எலும்பியல் அறுவை சிகிச்சை, நரம்பியல் அறுவை சிகிச்சை போன்ற போட்டி மிகுந்த ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) இடங்களுக்கு வந்து குவியும் விண்ணப்பங்களைச் சலிக்கும்போது இந்த ஒற்றை வரி ஒருவரை முன்னே தள்ளிவிடும்.

யேல் பல்கலைக்கழகத்தின் டோவின் போட்ரைட்டும் சக ஆய்வாளர்களும் 2017இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த வழக்கத்தின் மேல் வெளிச்சம் பாய்ச்சியது. யேலின் ரெசிடென்சி இடங்களுக்கு விண்ணப்பித்த, 123 மருத்துவக் கல்லூரிகளைச் சேர்ந்த 4,655 மாணவர்களின் விவரங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். வெள்ளை இன மாணவர்கள் இச்சங்கத்தில் உறுப்பினராக இருப்பதற்கான வாய்ப்பு கறுப்பின மாணவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ ஆறு மடங்கும், ஆசிய மாணவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கும் இருந்தது. மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 மதிப்பெண், ஆராய்ச்சி, சமூக சேவை, தலைமைப் பொறுப்புகள் அனைத்தையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகும் எஞ்சிய இடைவெளி இது. ஆகவே, மதிப்பெண் குறைந்தவர்களுக்குக் கௌரவமும் குறைவாகக் கிடைத்தது என்று சொல்லி இதைக் கடந்துபோக முடியாது.

இடைவெளி இவ்வளவு பெரிதாவது எப்படி என்பதற்கு, சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் 2018இல் தங்கள் கல்லூரியின் தரவுகளையே ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில் விளக்கம் இருக்கிறது. மருத்துவத் துறையில் தங்கள் மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் இல்லாத கறுப்பின, லத்தீன், பூர்வகுடிப் பிரிவுகளின் மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே படிவ மதிப்பீட்டில் இருந்த வேறுபாடு மிகச் சிறியது. ஆனால் ஆனர்ஸ் தரம் என்று வந்தபோது மற்றவர்கள் ஏறத்தாழ இரு மடங்கும், ஆல்பா ஒமேகா ஆல்பா என்று வந்தபோது ஏறத்தாழ மூன்று மடங்கும் பெற்றிருந்தார்கள். வெட்டுப் புள்ளி வைத்துத் தரம் பிரிக்கும் எந்த ஏற்பாட்டிலும் இது நேரும். கோட்டுக்கு அருகே நிற்பவர்களுக்குப் புள்ளிக்குப் பின்னால் வரும் ஓர் இலக்கமே ஆனர்ஸை இழக்கப் போதுமானது. அதே சிறு குறைவு ஒவ்வொரு துறையிலும் தொடர்ந்தால் முதல் கால் பகுதியிலும் இடம் கிடைக்காது. மாணவர் மீது வெறுப்புக் கொண்ட ஒரு மருத்துவர்கூட இல்லாத கல்லூரியிலும் இந்த விளைவு வரும் என்பதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது.

அந்தச் சிறு குறைவு எங்கே பிறக்கிறது என்பதை வார்டிலேயே காணலாம். இதயச் செயலிழப்பால் திரும்பத் திரும்ப அனுமதிக்கப்பட்ட ஒரு பேருந்து ஓட்டுநர், சிறுநீர் பெருக்கும் மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாதவர் என்று மருத்துவப் பதிவில் முத்திரை குத்தப்பட்டிருந்தார். எங்கள் குழுவில் இருந்த ஒரு கறுப்பின மாணவி அவரருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து அவருடைய வேலை நேரத்தை விசாரித்தார். வண்டியை நடுவழியில் நிறுத்திக் கழிப்பறைக்குப் போக முடியாது என்பதால்தான் அவர் காலை மாத்திரையைத் தவிர்க்கிறார் என்பது தெரிய வந்தது. பணி முடிந்த பின் மாத்திரையை எடுத்துக்கொள்ளும்படி நேரத்தை மாற்றலாமா என்று மருந்தாளுநரிடம் கேட்டு, அடுத்த நாள் ரவுண்ட்ஸில் காரணத்தோடு அந்த மாணவி முன்வைத்தார். இது முதல் தரமான மருத்துவச் சிந்தனை. அதே குழுவில் இருந்த மற்றொரு மருத்துவர் படிவத்தில் எழுதியதோ, "அன்பானவர், நோயாளிகளுடன் நன்றாகப் பழகுகிறார்" என்பது மட்டுமே. அதைப் படித்துத் தரத்தை முடிவுசெய்யும் தரக் குழுவுக்கு ஒரு நல்ல பெண் தெரிவாரே தவிர, நோய் முறையைத் துருவி ஆராய்ந்த மருத்துவ மாணவி தெரிய மாட்டார்.

இது ஒருவரின் அனுபவம் மட்டுமன்று. ரெசிடென்சி விண்ணப்பத்தோடு செல்லும், டீனின் கடிதம் என்று அழைக்கப்படும் கல்லூரி மதிப்பீட்டு அறிக்கைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளை இன விண்ணப்பதாரர்களுக்கு 'அசாதாரணமானவர்', 'மிகச் சிறந்தவர்' போன்ற சொற்களும், கறுப்பின விண்ணப்பதாரர்களுக்குப் 'போதிய திறனுடையவர்' என்ற வகையிலான சொல்லும் கூடுதலாகப் பயன்பட்டிருந்தன.

நம்மவர்களிடம் பேசும்போது, இது கறுப்பினத்தவரின் பிரச்சினை என்ற எண்ணத்தையும், நம் பிள்ளைகள் உழைத்துப் படிப்பதால் இது அவர்களைத் தொடாது என்ற நம்பிக்கையையும் அடிக்கடி காண்கிறேன். இரண்டுமே சரியல்ல. தமிழ் மாணவர் இந்தக் கணக்கில் 'ஆசியர்' என்ற பெரிய பைக்குள் வந்துவிடுகிறார். அந்தப் பைக்கு என்ன நேர்ந்தது என்பதை மேலே பார்த்தோம். பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடாமல் காத்திருப்பது நம் வீடுகளில் மரியாதை. வார்டில் அதே குணம், முனைப்பில்லாதவர் என்று பதிவாகிவிடுகிறது. அதே சமயம், கறுப்பின மாணவர்கள் இழப்பது நம்மைக் காட்டிலும் பல மடங்கு அதிகம் என்பதை மறைத்து நம் குறையை மட்டும் பேசுவது நியாயமாகாது. மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து 1910இல் வந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு கறுப்பினத்தவருக்கான மருத்துவக் கல்லூரிகளில் நிலைத்து நின்றவை ஹாவர்ட், மெஹாரி என்ற இரண்டே. அந்த இழப்பின் சுமை இன்றைய வகுப்பறை வரை தொடர்கிறது.

2022 ஜனவரியில் ஸ்டெப் 1 தேர்வு மதிப்பெண்ணை விடுத்துத் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் அறிவிக்கத் தொடங்கியது. மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கும் என்பதால் அதை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஓர் எண் மறைந்தால் அதன் கனம் மற்றவற்றின் மேல் இறங்கும். ஸ்டெப் 2 மதிப்பெண்ணோடு, வார்டில் எழுதப்படும் இந்த நான்கு வரிகளுக்கும் இப்போது முன்னைவிட வலு கூடியிருக்கிறது.

மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி, மாணவர்கள் குரல் எழுப்பிய பின்னர், 2018இல் தன் மாணவர்களைச் சங்கத்துக்குப் பரிந்துரைப்பதை நிறுத்திவைத்தது. நிறுத்துவதா திருத்துவதா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கிளர்க்‌ஷிப் தரத்தையே அடித்தளமாகக் கொள்ளும்வரை தேர்வு விதிகளில் செய்யும் சில்லறைத் திருத்தங்கள் பயன் தரா என்பது என் உறுதியான கருத்து. மதிப்பிடும் மருத்துவர்களுக்கு நான் வலியுறுத்துவது இது: சுற்று முடிந்து வாரங்கள் கழித்து நினைவிலிருந்து எழுதாதீர்கள், மாணவர் செய்ததை அன்றன்றே குறித்து வைத்து, குணத்தை வருணிப்பதற்குப் பதிலாகச் செயலை எழுதுங்கள். தரக் குழுவில் "சுமாரானவர்" என்று யாராவது சொன்னால், எந்த நோயாளியிடம் என்ன செய்தபோது அப்படித் தோன்றியது என்று கேளுங்கள்.

மாணவர்கள் ஒவ்வொரு சுற்றின் நடுவிலும் தங்கள் மதிப்பீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். தாம் கவனித்த நோயாளிகள் குறித்துப் பெயரோ அடையாளமோ இல்லாத ஒரு சிறு பதிவேட்டை வைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரியின் விதிகளில் தர மறுபரிசீலனைக்கு எத்தனை நாள் அவகாசம் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. டீனின் கடிதம் வெளியே போவதற்கு முன் மாணவர் அதைப் படித்துப் பார்க்கப் பெரும்பாலான கல்லூரிகள் இடம் தருகின்றன. அப்போது பிழைகளை மட்டும் தேடாமல், செய்த வேலை அதில் வேலையாகவே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் விண்ணப்பப் பருவம் தொடங்குமுன் மாணவர் நல அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.