தாங்கி வெறும் மேடை அல்ல: நைட்ரஜன் ஆக்சைடை அடக்கும் வினையூக்கி

காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காக இருக்கும் நைட்ரஜன் எளிதில் எதனோடும் சேராத வாயு. ஆனால் உலையிலும் டீசல் எஞ்சினிலும் சுடரின் வெப்பம் 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதுவும் ஆக்சிஜனோடு இணைந்து நைட்ரிக் ஆக்சைடாகிவிடுகிறது. புகைபோக்கியைத் தாண்டிவிட்டால் அமில மழைக்கும் நச்சுப் புகைமூட்டத்துக்கும் காரணமாவது இந்த வாயுதான். இது தானாகவே நைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிவதற்கு ஆற்றல் கணக்கில் தடை எதுவும் இல்லை என்றாலும், புகை குளிர்ந்த பிறகு அந்தப் பிரிவு நடக்கவே நடக்காது என்று சொல்லுமளவுக்கு மெதுவாகிவிடுகிறது.

அதனால்தான் புகையோடு அம்மோனியாவைக் கலந்து, 300 முதல் 400 டிகிரி வெப்பத்தில், தேன்கூடு போன்ற கண்ணறைகள் கொண்ட வினையூக்கிக் கட்டிகளின் வழியே செலுத்துகிறார்கள். அம்மோனியாவும் நைட்ரிக் ஆக்சைடும் சேர்ந்து நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வினையில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. புகையில் நைட்ரிக் ஆக்சைடு பத்து லட்சத்தில் சில நூறு பங்குதான். ஆக்சிஜனோ நூற்றில் சில பங்கு. அவ்வளவு ஆக்சிஜனுக்கு நடுவே அம்மோனியா எரிந்து வீணாகாமல், அரிதாக இருக்கும் நைட்ரிக் ஆக்சைடோடு மட்டும் வினைபுரிய வேண்டும்.

1970களில் ஜப்பானில் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு வந்த இந்த முறையில் இன்று பரவலாக இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடின் (டைட்டானியா) மேல் ஏறக்குறைய 1 சதவீத வனேடியம் ஆக்சைடையும் 10 சதவீத அளவுக்கு டங்ஸ்டன் ஆக்சைடையும் பரப்பிச் செய்யும் வினையூக்கி. வனேடியம் ஆக்சைடுத் தூளை மட்டும் வைத்தால் பெரும்பாலான அணுக்கள் துகள்களின் உள்ளே புதைந்து கிடக்கும். கிராமுக்கு 50 சதுர மீட்டருக்கும் மேல் புறப்பரப்புள்ள டைட்டானியாவின் மேல் அதை ஓர் அடுக்குக்கும் குறைவாகப் பரப்பினால், அநேகமாக ஒவ்வொரு வனேடியம் அணுவும் புகையைத் தொடும். அதைவிட முக்கியம், வனேடியம் ஓர் ஆக்சிஜன் அணுவின் வழியாக டைட்டானியத்தோடு பிணைந்திருப்பது. இந்தப் பிணைப்புதான் அதன் வினைத்திறனைப் பெருமளவு கூட்டுகிறது. இப்படி வினையூக்கியைச் சுமக்கும் அடிப்பொருளைத் ‘தாங்கி’ என்பார்கள். அந்தச் சொல் டைட்டானியாவின் பங்கைக் குறைத்துக் காட்டுவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஒரே ஒரு வனேடியம் இணையை நெருங்கிப் பார்ப்போம். ஓர் அணுவில் ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது) இருக்கிறது; அங்கே அம்மோனியா வந்து அம்மோனியமாக ஒட்டிக்கொள்கிறது. பக்கத்து அணுவின் இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜன், அந்த அம்மோனியத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி அதைத் தூண்டிவிடுகிறது. அப்போது வந்து மோதும் நைட்ரிக் ஆக்சைடோடு நைட்ரஜன்-நைட்ரஜன் பிணைப்பு உருவாகி, நைட்ரஜனும் நீரும் விலகிச் செல்கின்றன. எலக்ட்ரானைப் பெற்று ஒடுங்கிய வனேடியத்தைப் புகையிலுள்ள ஆக்சிஜன் பழைய நிலைக்கு மீட்கிறது. வினை நடந்துகொண்டிருக்கும்போதே அகச்சிவப்பு நிறமாலையால் இந்தச் சுழற்சியைப் படிப்படியாகக் காட்டியவர் டென்மார்க்கின் நான்-யூ டாப்சோ (1994). நைட்ரிக் ஆக்சைடில் நிறை எண் 15 கொண்ட நைட்ரஜனையும் அம்மோனியாவில் 14 கொண்டதையும் வைத்துச் சோதித்தால், வெளிவரும் மூலக்கூறுகளில் பெரும்பாலானவற்றில் இரண்டிலும் ஒவ்வொன்று இருக்கிறது. அநேகமாக ஒவ்வொரு நைட்ரஜன் மூலக்கூறும் இரு தரப்பும் ஆளுக்கோர் அணு கொடுத்து உண்டானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிலக்கரிப் புகையில் கந்தகமும் உண்டு. அலுமினாவை (அலுமினியம் ஆக்சைடு) தாங்கியாக வைத்தால் கந்தக ஆக்சைடுகள் அதைச் சல்பேட்டாக்கிக் கெடுத்துவிடும். டைட்டானியாவில் அந்தப் பாதிப்பு மிகக் குறைவு. ஆனால் கந்தக அமில ஆலைகளில் கந்தக டை ஆக்சைடை ட்ரை ஆக்சைடாக்கப் பயன்படுவதும் இதே வனேடியம் ஆக்சைடுதான். இங்கே அப்படி உண்டாகும் ட்ரை ஆக்சைடு, வெப்பம் குறையும்போது அம்மோனியாவோடு சேர்ந்து, பிசுபிசுப்பான அம்மோனியம் பைசல்பேட்டாகி நுண்துளைகளை அடைத்துவிடும். ஆகவேதான் வனேடியத்தைச் சிக்கனமாக வைத்து, அம்மோனியா ஒட்டிக்கொள்ள உதவும் மேற்பரப்பின் அமிலத்தன்மையை டங்ஸ்டனால் கூட்டுகிறார்கள். டைட்டானியாவின் அனடேஸ் படிகம் புறப்பரப்பு குறைந்த ரூடைல் என்ற மற்றொரு படிக வடிவமாக மாறிவிடாமல் தடுப்பதும் டங்ஸ்டன்தான். இவ்வளவு இருந்தும், சாம்பலோடு வரும் பொட்டாசியம் அந்த அமிலப் புள்ளிகளைச் சமன் செய்துவிட்டால் அம்மோனியா ஒட்ட இடமிருக்காது.

மாங்கனீசு ஆக்சைடை டைட்டானியாவில் பரப்பினால் 200 டிகிரிக்குக் கீழேயே வினை நடக்கிறது. சாம்பலும் கந்தகமும் நீக்கப்பட்டுக் குளிர்ந்த புகைக்கு அது பொருத்தமானது. ஆனால் எஞ்சியிருக்கும் சிறிதளவு கந்தக டை ஆக்சைடே மாங்கனீசைச் சல்பேட்டாக்கி முடக்கிவிடுகிறது. சீரியம் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளை அதோடு கலந்து அந்தத் தாக்குதலைத் தாமதப்படுத்தும் முயற்சிகள் ஆய்வகங்களில் நடந்துவருகின்றன.