சோலார் போடும் முன் கரண்ட் பில்லைக் கையில் எடுங்கள்

இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,805 ரூபாய் கட்டணம். அதே வீட்டில் 510 யூனிட் ஓடினால் 2,100 ரூபாயைத் தாண்டிவிடும். கூடுதலாக ஓடியது பத்தே யூனிட், கூடுதலாகப் போனது 300 ரூபாய்க்கு மேல். 2024 ஜூலை முதல் இருக்கும் கட்டண அடுக்கு அப்படி. 500 வரை ஓடுகிறவர்களுக்கு 101 முதல் 200 வரையான யூனிட் 2 ரூபாய் 35 காசுக்குக் கிடைக்கிறது. 500-ஐத் தாண்டியதும் அந்தச் சலுகை முழுவதுமாகப் போய்விடுகிறது. முதல் 100 யூனிட் மட்டும் எல்லா வீட்டுக்கும் இலவசம்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இப்போது தெருவுக்கு ஒருவர் சோலார் பற்றிப் பேச வருகிறார்கள். "மூன்று கிலோவாட் போடுங்க, மானியம் 78,000" என்கிறார்கள். மானியம் உண்மைதான். ஆனால் மூன்று கிலோவாட் உங்கள் வீட்டுக்குத் தேவையா என்பதை, கடைசி ஆறு பில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

பில்லைப் பார்த்த பிறகு நிமிர்ந்து மின்விசிறியைப் பாருங்கள். பழைய விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி என்று கடைகளில் விற்கும், கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை விசிறி 30 வாட் சுற்றுவட்டாரத்தில் எடுக்கும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். மூன்று விசிறி மாற்றினால் 97 யூனிட். 580 யூனிட் ஓடுகிற வீடு இதிலேயே 500-க்குக் கீழே வந்துவிடும். 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லா மின்விசிறி நம் ஊர்களில் இன்னும் பல வீடுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது நன்றாக உழைத்தது, இனி அதற்கு ஓய்வு கொடுக்கலாம்.

இதற்குப் பிறகும் பில் பெரிதாக நிற்கிற வீட்டுக்குத்தான் சோலார் கணக்கு.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளுக்கானது, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு, 2026-27 நிதியாண்டு வரை. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000 மானியம். மூன்றுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும், நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் வரும். வீட்டை ஒட்டி மாமரமோ தென்னையோ இருந்தால் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மாடியில் ஏறி நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுங்கள். கிரானைட் குவாரி பக்கத்து ஊர்களில் பலகையில் தூசி படியும். ஏறித் துடைக்க வழி விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்? மூன்று கிலோவாட் வரை அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் உண்டு. வட்டி, ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்துக்கு (வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி) மேல் அரை சதவீதம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தச் செலவு இரண்டு லட்சம், கையிலிருந்து 20,000, கடன் 1,80,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மானியம் 78,000 வந்ததும் கடனில் கட்டிவிட்டால் மிச்சம் 1,02,000. ஆறு சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 1,130 ரூபாய். பில் காலம் இரண்டு மாதம், அதற்கு 2,260.

இப்போது பில்லோடு ஒப்பிடுங்கள். 800 யூனிட் ஓடுகிற வீட்டுக்குக் கட்டணம் 4,700 ரூபாய்க்கு மேல். மூன்று கிலோவாட் இரண்டு மாதத்தில் 720 யூனிட் கொடுத்தால் பில் கிட்டத்தட்டக் கரைந்துவிடும், தவணை போகக் கையிலும் மிஞ்சும். ஆனால் 500 யூனிட் வீட்டுக்குப் பில்லே 1,805தான். அங்கே மூன்று கிலோவாட் போட்டால், பத்து வருடமும் மிச்சமாவதை விடத் தவணை அதிகம். அந்த வீட்டுக்கு ஒரு கிலோவாட் போதுமா, விசிறி மாற்றினாலே போதுமா என்று யோசிப்பதே சரி. 200 யூனிட்டுக்குள் இருக்கிறவர்கள் யார் வந்து சொன்னாலும் கடன் வாங்கிச் சோலார் போட வேண்டாம் என்பேன்.

போடுவது என்று முடிவானால் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிய வேண்டும். அங்கே பதிவு பெற்ற நிறுவனம்தான் பொருத்த வேண்டும், பலகை இந்தியாவில் செய்த செல்லால் ஆனதாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் மானியம் கிடையாது. ஐந்து வருடப் பராமரிப்பு பொருத்துகிறவரின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

மின்வாரியத்தின் பங்கு இங்கேதான் வருகிறது. 2024-இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி பத்து கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை, விண்ணப்பம் ஏற்றதாகவே கருதப்படும். ஐந்து கிலோவாட் வரை, அதற்காகக் கம்பியையோ டிரான்ஸ்பார்மரையோ பலப்படுத்த வேண்டி வந்தால் அந்தச் செலவு மின்வாரியத்தைச் சேர்ந்தது. பொருத்தி முடித்த பின் பதினைந்து நாளில் இணைத்துக் கொடுக்க வேண்டும். அப்புறம் இருவழி மீட்டர் வரும். நீங்கள் எடுத்ததும் கொடுத்ததும் அதில் பதிவாகும், மிகுதி அடுத்த பில்லுக்குப் போகும். இழுபறி என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இல் புகார் பதியுங்கள். இன்னொன்று: பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் விண்ணப்பம் தடுக்கி விழுகிற இடம் பெயர். எங்கள் வீட்டு இணைப்பே தாத்தா பெயரில்தான் இருந்தது. அவர் போய்ப் பல வருடம் ஆகியும் யாருக்கும் மாற்றத் தோன்றவில்லை. இணைப்பு ஒரு பெயர், ஆதார் ஒரு பெயர், வங்கிக் கணக்கு இன்னொரு பெயர் என்றால் மானியம் நின்றுவிடும். சோலார்காரரைக் கூப்பிடுவதற்கு முன்பே பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்துவிடுங்கள். வாரிசுச் சான்று வாங்கத்தான் நாள் பிடிக்கும்.

ஓசூர் அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், பொது விளக்கு ஆகியவற்றுக்காகக் குடியிருப்போர் சங்கமே விண்ணப்பிக்கலாம். கிலோவாட்டுக்கு 18,000 மானியம்.

பலருக்குத் தெரியாத பகுதி உள்ளாட்சிக்கானது. ஒரு ஊராட்சியிலோ நகராட்சியிலோ இந்தத் திட்டத்தில் சோலார் போடும் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த உள்ளாட்சிக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. ஐயாயிரத்துக்கு மேல் மக்கள் உள்ள கிராமங்கள் மாவட்ட அளவில் போட்டியிட்டு, ஜெயிக்கும் கிராமம் ஒரு கோடி ரூபாய் பெறும் மாதிரி சூரிய கிராமத் திட்டமும் இருக்கிறது.

முன்பணம் போட முடியாதவர்களுக்காக 2024 டிசம்பரில் இன்னொரு வழி அறிவித்தார்கள். மின்வாரியமோ மாநிலம் நியமித்த நிறுவனமோ தானே பல வீடுகளைச் சேர்த்து முதல் போட்டுப் பொருத்தலாம். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பலகை வீட்டுக்காரருக்கு. இது நடக்காத காரியம் இல்லை. மத்திய அரசின் எல்இடி பல்புத் திட்டமான உஜாலாவில் சில மாநிலங்களில் எல்இடி பல்பின் விலையை மக்கள் கரண்ட் பில்லோடு பத்து பத்து ரூபாயாகக் கட்டித் தீர்த்திருக்கிறார்கள். வங்கிப் படி ஏறத் தயங்குகிற பென்னாகரத்துக் கூலிக் குடும்பமும் கரண்ட் பில்லை நாள் தவறாமல் கட்டுகிறது. அந்த நம்பிக்கையின் மேல் விசிறிக்கும் சோலாருக்கும் தவணை போட்டுக் கொடுப்பதுதான் நியாயமான வழி என்பது என் உறுதியான எண்ணம்.

அதைக் கேட்க இடமும் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை கூடுகிறது. நம் ஊரில் எத்தனை வீட்டில் சோலார் இருக்கிறது, 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கணக்கில் வந்ததா, பில்லோடு தவணை கட்டும் முறையை மின்வாரியம் இங்கே எப்போது தொடங்கும் என்ற மூன்று கேள்வியையும் எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.