போலி இசை அல்ல, களவு வெளியீடு

மட்டக்களப்பில் நடந்த புலமைச் சொத்துரிமைக் கருத்தரங்கு ஒன்றில் கைநூல் ஒன்று தந்தார்கள். வெளிநாட்டுத் தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிகளின் இசையை, உரிமைக்காரருக்குத் தெரியாமல் சீடியாகவும் கணினிக் கோப்பாகவும் விற்கும் வியாபாரம் பற்றி அதில் ஒரு பக்கம் இருந்தது. ஆங்கில மூலத்தில் 'பூட்லெக்' என்று வந்த இடமெல்லாம் தமிழில் 'போலி இசை', 'போலிப் பதிவு', 'போலி விற்பனையாளர்' என்று போட்டிருக்கிறார்கள். இதே சொல்லை வானொலிச் செய்தியில் கேட்டிருக்கிறேன், பத்திரிகையில் வாசித்திருக்கிறேன், மாணவர் ஒப்படைகளில் சிவப்பு மையால் வெட்டியும் இருக்கிறேன். ஒரு பிழையான சொல் பாடப்புத்தகத்துக்குள் போய்க் குந்திவிட்டால் பிறகு எழுப்ப முடியாது. அதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்றுதான் இது.

பூட்லெக் அமெரிக்காவில் பிறந்த சொல். பூட் என்றால் கெண்டைக்காலை மூடும் உயர்ந்த சப்பாத்து, லெக் என்றால் அதன் குழாய்ப் பகுதி. சாராயக் குப்பியை அந்தக் குழாய்க்குள் செருகி மறைத்து விற்றவர்களைக் குறிக்க 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இச்சொல் புழங்கத் தொடங்கியது. 1920 முதல் 1933 வரை அங்கே நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தபோது எல்லார் வாயிலும் ஏறியது. பின்னர் இசைத்தட்டுக்குத் தாவியது. 1969இல் அமெரிக்கப் பாடகர் பொப் டிலனின் வெளிவராத பதிவுகளை யாரோ வெறும் வெள்ளை உறையில் போட்டு விற்ற பிறகு, நிறுவனம் வெளியிடாத பதிவை இன்னொருவர் களவாக வெளியிடுவது என்ற பொருள் அதற்கு நிலைத்துவிட்டது. சொல்லின் பிறப்பு இவ்வளவுதான். தமிழில் என்ன சொல்வது என்பதில்தான் சிக்கல்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒரு போட்டி நிகழ்ச்சிக்கு நாம் முணுமுணுக்கும் தொடக்க இசை மட்டும் போதாது. அறிவிப்பாளர் பேசும்போது அடியில் ஓட ஒன்று, நேரம் கரையும்போது ஒன்று, சரியான விடைக்கு ஒரு சிறு துண்டு, பிழைக்கு வேறொன்று, பரிசை அறிவிக்க ஒன்று, இடைவேளைக்கு ஒன்று என்று வரிசையாகத் தேவைப்படும். 1998இல் பிரித்தானியாவில் தொடங்கிய 'ஹூ வோன்ட்ஸ் ரு பி அ மில்லியனயர்' நிகழ்ச்சிக்கு கீத் ஸ்ட்ராக்கனும் அவர் மகன் மத்யூ ஸ்ட்ராக்கனும் இசையமைத்தார்கள். தொகை ஏற ஏற, கேள்விக்கு அடியில் ஓடும் இசையும் அரைச்சுரம் அரைச்சுரமாக மேலே போகும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் நெஞ்சு இறுகும். இந்தியில் அமிதாப் பச்சன் நடத்தியதும், தமிழில் சூர்யா நடத்தியதும், சிங்களத்தில் வந்த லட்சபதியும் அந்த நிகழ்ச்சியின் உள்நாட்டு வடிவங்களே. அதனால் அந்தப் பதற்ற இசை எங்கள் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' நிகழ்ச்சியில் போட்டியாளர் இறுதி விடையை எழுதும் 30 விநாடிகளுக்கு ஓடும் மெட்டை, நிகழ்ச்சியை உருவாக்கிய மேர்வ் கிரிஃபின் தன் மகனுக்குத் தாலாட்டாகத்தான் முதலில் அமைத்தார். அந்த மெட்டு தனக்குச் சுமார் 70 மில்லியன் டொலர் ஈட்டித் தந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 30 விநாடி இசையில் அவ்வளவு உரிமைப் பணம் இருக்கிறது.

இந்த இசையில் கடைக்கு வருவது கொஞ்சம். முழுத் தொகுப்பு பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனத்தின் நாடாப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அதைத் தேடிச் சேர்க்கிற ரசிகர் கூட்டம் ஒன்று உலகெங்கும் உண்டு. கலையகத்துக்குள்ளிருந்து ஒரு நாடா எப்படியோ வெளியே வரும், கைமாறும், கடைசியில் ஒருவர் அதற்கு விலை வைப்பார். அந்த விற்பனைதான் பூட்லெக்.

இனி 'போலி' என்ற சொல்லை எடுங்கள். 'போல்' என்ற அடியில் பிறந்தது. ஒன்றைப் போலவே இருக்கும், ஆனால் அது அன்று என்பதுதான் அதன் பொருள். போலி நாணயத்தாள், போலி வைத்தியர், போலிச் சான்றிதழ் எல்லாம் அந்தக் கணக்கு. இலக்கணத்திலும் அப்படித்தான்: 'பந்தல்' என்ற சொல்லின் இறுதியில் லகரத்தின் இடத்தில் ரகரம் நின்று 'பந்தர்' என்று வந்தால் அது கடைப்போலி. ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து நிற்க வேண்டும், அப்போதுதான் போலி. கலையகத்திலிருந்து வெளியேறிய நாடாவில் எதன் இடத்தில் எது வந்து நின்றது? வாத்தியக்காரர் அவரேதான், பதிவு அதேதான், ஒலி அதேதான். வாங்குகிறவர் காசு கொடுப்பதே அது அசல் என்பதற்காக. பண்டத்தில் ஒரு குறையும் இல்லாதபோது அதைப் போலி என்றால், குற்றம் எங்கே நடந்ததோ அந்த இடத்தை விட்டு வேறோர் இடத்துக்கு வாசகரை அனுப்பிவிடுகிறோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சிக்காரனின் பிடிவாதம் என்று நினைக்கக் கூடாது. கல்லடியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற தம்பி ஒருவர் இருக்கிறார். பாடசாலை வினாவிடைப் போட்டி என்றால் அவரைத்தான் பிடிப்பார்கள். கேள்வி கேட்கும்போது மடிக்கணினியில் இருந்து அந்தப் பதற்ற இசையைப் போடுவார். அவரிடம் ஒரே துண்டு இரண்டு விதமாக இருந்தது, இரண்டையும் போட்டுக் காட்டினார். முதலாவதில் மேளம் தகரம்போல் தட்டியது. இரண்டாவதில் அடித்தொனி எழும்பியபோது பெட்டியின் முன்வலை அதிர்ந்தது. "சேர், முதல் போட்டது ஆரோ கீபோட்டில வாசிச்சது, போலி. மறுகா போட்டதுதான் ஒரிஜினல். காசு குடுத்து எடுத்த" என்றார். எந்த அகராதியையும் புரட்டாமல் 'போலி' என்ற சொல்லை அவர் சரியான இடத்தில் வைத்தார். அசலைப் பார்த்து வாசித்த பதிவைத்தான் போலி என்று சொல்ல வேண்டும், அதற்கு அந்தச் சொல் தேவை. அவர் காசு கொடுத்து வாங்கிய 'ஒரிஜினல்'தான் பூட்லெக். 'போலி இசையை வாங்காதீர்கள்' என்று கைநூல் அறிவுரை சொன்னால் அவர் என்ன விளங்கிக்கொள்வார்? தான் செய்தது முழுக்கச் சரி என்றுதான் விளங்கிக்கொள்வார். சட்டத்தை விளக்க வந்த சொல்லே சட்ட மீறலுக்கு நற்சான்று கொடுத்துவிடுகிறது.

சட்டம் எழுதியவர்களே இந்த வேறுபாட்டைக் காத்திருக்கிறார்கள். புலமைச் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையில் 51ஆம் உறுப்புரைக்கு ஓர் அடிக்குறிப்பு உண்டு. பிறருடைய வர்த்தகக் குறியைப் பொறித்த போலிப் பண்டம் வேறு, பதிப்புரிமையை மீறிய பிரதி வேறு என்று அது தனித்தனியே வரையறுக்கிறது. இலங்கையில் எங்கள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் ஆக்கியவர் உரிமையை ஒரு பக்கமும், வாசித்தவர், ஒலிப்பதிவைத் தயாரித்தவர் ஆகியோரின் உரிமைகளை இன்னொரு பக்கமும் வைத்துப் பேசுகிறது. மூலத்தில் இவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்ததை மொழிபெயர்ப்பாளர் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது பொறுப்பில்லாத வேலை.

அடுத்தது, அரச மொழிபெயர்ப்பின் செல்லப் பிள்ளையான 'அதிகாரமளிக்கப்படாத விற்பனை'. நீளத்தை நான் குறை சொல்லவில்லை. பொருள்தான் கெடுகிறது. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு கடைக்காரரிடம் போய் அதிகாரமளிக்கப்படாத விற்பனை செய்கிறீர்கள் என்று சொன்னால், அவர் சுவரில் மாட்டியிருக்கும் வியாபார அனுமதிப்பத்திரத்தைத்தான் காட்டுவார். மாநகர சபைக்குக் காசு கட்டியிருக்கிறார், அவருடைய அனுமதி ஒழுங்காக இருக்கிறது. அனுமதி என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஊரில் மாநகர சபையும் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகமும்தான் நினைவுக்கு வரும். இங்கே கேட்க வேண்டியது இசைக்குச் சொந்தக்காரனின் சம்மதம். அந்தச் சொந்தக்காரன் இந்தச் சொற்றொடரில் எங்குமே இல்லை.

'இசைத் திருட்டு' என்பாரும் உண்டு. அந்தச் சொல்லுக்குத் தமிழில் வேறு வேலை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. ஓர் இசையமைப்பாளர் இன்னொருவரின் மெட்டை எடுத்துத் தன் பெயரில் போட்டார் என்ற சண்டைக்குத்தான் பத்திரிகைகள் அதை எழுதுகின்றன. தமிழ்நாட்டில் 'திருட்டு விசிடி' நன்றாக வேரூன்றிய சொல், 2004இல் அங்கே குண்டர் சட்டத்துக்குள்ளேயே அந்தக் குற்றத்தைச் சேர்த்தார்கள். ஆனால் அது ஏற்கெனவே திரைக்கோ கடைக்கோ வந்த படத்தைப் பிரதி எடுப்பது. அதற்கு எங்கள் பக்கத்தில் 'கள்ளக் கொப்பி' என்ற நல்ல சொல் உண்டு. ரெக்கோடிங் பார் இருந்த காலத்தில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துக் கசெற்றில் பதிந்து வாங்கிய தலைமுறைக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கள்ளக் கொப்பிக்கு ஒரு நல்ல கொப்பி கடையில் இருக்கும். பூட்லெக்குக்கு அப்படி ஒன்று இராது. அதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

அப்படியானால் எந்தச் சொல்? 'களவு' என்பேன். தொல்காப்பியம் களவு என்று சொல்வது திருட்டை அன்று, ஊர் அறியாமல் வளரும் காதலை. மறைவு என்பதுதான் அங்கே முதன்மை. வள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தில் 'பிறன்பொருளைக் கள்ளத்தால் கள்வேம் எனல்' என்கிறபோது, உரியவன் அறியாத வகை, எடுத்தல் என்ற இரண்டும் ஒரே வேரில் இருந்து வருகின்றன. மட்டக்களப்பில் இன்றைக்கும் 'களவா வித்தவன்' என்றால் திருடி விற்றவன் என்று மட்டும் பொருள் இல்லை, ஆருக்கும் தெரியாமல் விற்றவன் என்றும் பொருள். சப்பாத்துக் குழாய்க்குள் குப்பியை மறைத்தவனின் செயலை இவ்வளவு கச்சிதமாகச் சொல்லும் இன்னொரு தமிழ்ச் சொல்லை நான் காணவில்லை. 'களவெடுத்தல் என்றால் திருடுதல்தானே, திருட்டு என்றே சொன்னால் என்ன' என்று ஒரு நண்பர் கேட்டார். திருட்டு என்ற சொல்லில் எடுத்தது மட்டும் இருக்கிறது, மறைத்தது இல்லை. களவில் இரண்டும் இருக்கின்றன.

அதோடு ஒரு பெயர்ச்சொல் சேர வேண்டும். இசைக் கச்சேரிக்குள் ஒலிப்பதிவுக் கருவியை ஒளித்துக் கொண்டுபோய்ப் பதிந்தால் அது 'களவுப் பதிவு', பதிவதே அங்கே களவு. போட்டி நிகழ்ச்சி இசை முறையாக, கூலி கொடுத்து, கலையகத்தில் பதியப்பட்டது. வெளியே விட்டதுதான் களவு. ஆகவே இது 'களவு வெளியீடு', விற்பவர் 'களவு வெளியீட்டாளர்'. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது, நாங்கள் பிரித்துச் சொல்ல முடியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. அதே கைநூலில் 'கேம் ஷோ' என்பதற்கு 'விளையாட்டு நிகழ்ச்சி' என்று போட்டிருந்தார்கள். எங்கள் ஊர்களில் விளையாட்டு நிகழ்ச்சி என்றால் சித்திரைப் புத்தாண்டுக்கு மைதானத்தில் நடப்பது: வழுக்கு மரம், கயிறிழுத்தல், தலையணைச் சண்டை. 'விளையாட்டு நிகழ்ச்சியின் போலி இசை' என்று வாசிக்கிற ஒரு கிராமத்து ஆசிரியைக்கு என்ன விளங்கும்? 'போட்டி நிகழ்ச்சி' என்று எழுத இரண்டு விநாடி யோசித்திருந்தால் போதும். சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டுப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கிற பழக்கம் மொழிபெயர்ப்பைப் பிடித்திருக்கிறது. அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பழந்தமிழ் இசையை ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டதும் அவரே. இசையும் கலைச்சொல்லும் ஒரே ஆளின் கையில் இருந்த மண்ணில், ஓர் இசைச் சொல்லை இப்படி அவசரமாகப் போட்டு அனுப்புவதைப் பார்க்க எனக்கு உண்மையில் வலிக்கிறது.

ஒரு விதிவிலக்கை மட்டும் குறித்துவிடுகிறேன். பொப் டிலனின் நிறுவனமே 1991 முதல் அவருடைய பழைய வெளிவராத பதிவுகளை 'பூட்லெக் சீரிஸ்' என்ற பெயரில் முறைப்படி விற்கிறது. அங்கே களவும் இல்லை, மறைவும் இல்லை. உரிமைக்காரரே வைத்த பெயர் என்பதால் அதைப் 'பூட்லெக் சீரிஸ்' என்று ஒலிபெயர்த்தே எழுத வேண்டும். நாளைக்கு ஒரு தயாரிப்பு நிறுவனம் தன் நாடாப் பெட்டியைத் திறந்து போட்டி நிகழ்ச்சி இசையைத் தானே கடைக்குக் கொண்டுவந்தால், அதுவும் வெறும் 'வெளியீடு'தான். அன்றிலிருந்து அதைப் பார்த்துப் பிரதி எடுப்பவை கள்ளக் கொப்பிகள்.