டிரெட்மில் மோட்டார் யாரோடு மல்லுக்கட்டுகிறது?

டிரெட்மில் கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு எண்தான். 3 ஹெச்.பி., 4 ஹெச்.பி., 5 ஹெச்.பி. என்று மோட்டார் மூடியின் மேல் கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்த கையோடு கொஞ்சம் குனிந்து, ஒயரின் நுனியில் இருக்கும் பிளக்கையும் பாருங்கள். சில மாடல்களில் அது சாதாரண 6 ஆம்பியர் பிளக்காக இருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1,380 வாட். ஒரு குதிரைத்திறன் (ஹெச்.பி.) என்பது 746 வாட். அதாவது, அந்த பிளக் வழியாகத் தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே 1.85 ஹெச்.பி. அளவுதான். அப்படியிருக்க 4 ஹெச்.பி. எங்கிருந்து வரும்?

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘பீக்’ என்று போட்டிருக்கும். மோட்டார் ஒரு கண நேரத்துக்கு மட்டும் எட்டக்கூடிய உச்சம் அது. அரை மணி, முக்கால் மணி நேரம் விடாமல் ஓடும்போது தரக்கூடிய திறனை ‘கன்டினியூஸ் ஹெச்.பி.’ என்பார்கள். வாங்குகிறவர் கேட்க வேண்டியது அதைத்தான். ஆனால் அதையும் வெறும் எண்ணாக ஒப்பிட்டுப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. மோட்டாருக்கு அங்கே என்ன வேலை என்று தெரிந்தால்தான் எவ்வளவு திறன் போதும் என்பது பிடிபடும்.

நம்மைச் சுமப்பது மோட்டார் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சுமப்பது மோட்டார் இல்லை. பெல்ட்டுக்கு அடியில் அசையாமல் கிடக்கும் பலகை. அதற்கு டெக் என்று பெயர். பெல்ட் அந்தப் பலகையின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. நாம் கால் வைக்கும்போது முழு எடையும் பெல்ட்டைப் பலகையோடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்தப்பட்ட அந்த நிலையிலும் பெல்ட் நிற்காமல் நகர வேண்டும். அரிசி மூட்டையைத் தூக்காமல் தரையோடு இழுத்துக்கொண்டு போவது மாதிரியான வேலை இது. மோட்டார் மல்லுக்கட்டுவது முழுக்க அந்த உராய்வோடுதான்.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 80 கிலோ எடையுள்ள ஒருவர் பெல்ட்டை அழுத்தும் விசை சுமார் 785 நியூட்டன். எண்ணெய் போட்ட டெக்கின் உராய்வுக் குணகத்தை, அதாவது அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாகிறது என்பதை, 0.2 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பெல்ட்டை இழுக்க 157 நியூட்டன் விசை வேண்டும். மணிக்கு 5 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 1.39 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 218 வாட், அதாவது 0.3 ஹெச்.பி.கூட இல்லை. ரோலர் பேரிங், மோட்டாரின் உள்ளிழப்பு எல்லாவற்றையும் சேர்த்து 400 வாட் இழுக்கிறது என்றே கொள்வோம். அரை மணி நேர நடைக்கு 0.2 யூனிட் ஆகும். கரன்ட் பில்லை நினைத்துத் தயங்க வேண்டியதே இல்லை.

10 கி.மீ. வேகத்தில் ஓடினால் இதே கணக்கு 436 வாட்டுக்குப் போகும். ஓடும்போது கால் தரையில் மோதும் விசை எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு இருக்கும். ஆனால் இரண்டு காலும் காற்றில் இருக்கும் நேரமும் உண்டு. சராசரி எடுத்தால் அழுத்தம் எடைக்குச் சமமாகவே வந்து நிற்கும். ஆகவே, வீட்டில் நடக்க மட்டும் வாங்குகிறவருக்கு நிஜமான 1.5 ஹெச்.பி. கன்டினியூஸ் மோட்டார் தாராளம். தினமும் ஓடுகிறவர் 2 முதல் 2.5 வரை பார்க்கலாம்.

நான் மிகவும் முக்கியம் என்று நினைப்பது இனி வருவதைத்தான். டாக்டர் சொன்னதால் டிரெட்மில் வாங்கும் வீடுகளில் அதில் ஏறுகிறவர் யார்? பெரும்பாலும் உடல் கனத்தவர், வயதானவர், முட்டிவலிக்காரர். அவர் 2, 3 கி.மீ. வேகத்தில்தான் நடப்பார். ‘மெதுவாகத்தானே நடக்கப் போகிறார், சின்ன மோட்டார் போதும்’ என்று கடைக்காரரே சொல்லுவார். மோட்டாரின் பக்கமிருந்து பார்த்தால் நிலைமை நேரெதிர்.

வீட்டு டிரெட்மில்களில் பெரும்பாலும் இருப்பது நிலைக்காந்த டி.சி. மோட்டார். அதன் முறுக்குவிசையை, அதாவது பெல்ட்டைச் சுற்றி இழுக்கும் பலத்தை, தீர்மானிப்பது அதில் பாயும் மின்னோட்டம். உராய்வு விசை வேகத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை, எடையைத்தான் பார்க்கும். எனவே 100 கிலோ எடையுள்ளவர் 2 கி.மீ. வேகத்தில் நடந்தாலும் 8 கி.மீ. வேகத்தில் ஓடினாலும் மோட்டாருக்குத் தேவையான சராசரி மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றே. செப்புச் சுருளில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அந்தச் சூடும் குறைவதில்லை. ஆனால் மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே தண்டில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. மெதுவாகச் சுற்றினால் காற்றும் மெதுவாகத்தான் வரும். சூடு உள்ளேயே தங்கிவிடும். கனத்த உடல், குறைந்த வேகம், நீண்ட நேரம் என்ற மூன்றும் சேர்வதுதான் சின்ன மோட்டாருக்குப் பெரிய சோதனை. ‘120 கிலோ வரை தாங்கும்’ என்று அட்டையில் போட்டிருந்தால், நடக்கிறவரின் எடை அதைவிட 20, 25 கிலோவாவது குறைவாக இருக்கும்படி தேர்வு செய்யுங்கள்.

கடையில் சோதித்துப் பார்க்கவும் இதுவே வழி. வீட்டிலேயே எடை அதிகமுள்ளவரைக் கூட்டிக்கொண்டு போய், 2 கி.மீ. வேகத்தில் வைத்து நடக்கச் சொல்லுங்கள். குதிகால் பதியும் ஒவ்வொரு முறையும் பெல்ட் ஒரு கணம் தயங்கித் தயங்கிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். கால் பதியும்போது உராய்வு சட்டென ஏறுகிறது, மோட்டாரின் வேகம் இறங்கப் பார்க்கிறது. முன் ரோலரின் பக்கத்தில் ஒரு சின்னக் காந்தமும் உணரியும் இருக்கும்; சுற்றுகளை எண்ணி வேகம் குறைவதைக் கன்ட்ரோல் போர்டுக்குச் சொல்லுவது அதன் வேலை. அந்த போர்டு ஏ.சி. மின்சாரத்தை டி.சி. ஆக்கி, நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. வெட்டுகளுக்கு நடுவே மின்சாரம் பாயும் நேரத்தைக் கூட்டினால் வேகம் கூடும். நல்ல போர்டும் தண்டில் கனமான சுழல்சக்கரமும் இருந்தால் அடுத்த அடி வைப்பதற்குள் எல்லாம் சரியாகிவிடும், காலுக்குத் தெரியாது. மட்டமானதில் ஒவ்வொரு அடியிலும் இழுபறி தெரியும். டிரெட்மில் பழுது பார்க்கிறவர்களிடம் கேட்டால், மோட்டாரைவிட போர்டுதான் அடிக்கடி போகிறது என்பார்கள். போர்டு போவதற்குக் காரணமும் பெரும்பாலும் அந்த உராய்வுதான்.

எண்ணெய் காய்ந்துவிட்டால் உராய்வுக் குணகம் இரண்டு மடங்காகலாம். அப்போது மின்னோட்டமும் அதற்கேற்ப ஏறும், வெப்பம் நான்கு மடங்காகும். மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, கால் படும் நடுப்பகுதி வரை கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். விரலில் வழவழப்பு ஒட்ட வேண்டும். வறண்டு, கரகரவென்று கருப்புப் பொடி ஒட்டினால் எண்ணெய் போட்டே ஆக வேண்டும். சுத்தமான சிலிக்கோன் எண்ணெய் மட்டுமே போட வேண்டும். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் பெல்ட்டின் அடிப்பக்கத்தைக் கெடுக்கும், தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடித்துப் பிசினாகிவிடும். மெழுகு பூசிய டெக் என்றால் எண்ணெயே தேவைப்படாமல் இருக்கலாம், கையேட்டைப் பார்த்துவிடுங்கள். வாங்கும்போது மோட்டார் வாரன்டியை மட்டும் கேட்டுவிட்டு வருகிறோம். போர்டுக்கும் பெல்ட்டுக்கும் எத்தனை வருடம் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது சரிவு, அதாவது டெக்கைச் சாய்த்து ஏற்றம் போல ஆக்கும் வசதி. இதில்தான் காசு போட்டால் பலன் உண்டு என்பது என் கருத்து. மாரடைப்பு அபாயம் பார்க்க ஆஸ்பத்திரியில் டிரெட்மில்லில் நடக்க வைத்து எடுக்கும் டி.எம்.டி. டெஸ்ட் பலருக்கும் தெரியும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1952-ல் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவரும் வேய்ன் குவின்டன் என்ற பொறியாளரும் மருத்துவ டிரெட்மில்லை உருவாக்கினார்கள். புரூஸ் பெயரில் இன்றும் நடக்கும் அந்தப் பரிசோதனையின் முதல் கட்டம் வெறும் 2.7 கி.மீ. வேகம், ஆனால் சரிவு 10 சதவீதம் (100 செ.மீ. தூரத்துக்கு 10 செ.மீ. ஏற்றம்). மூன்று நிமிடம் கழித்து 4 கி.மீ., 12 சதவீதம். அதற்கும் மேல் 5.5 கி.மீ., 14 சதவீதம். இதயத்துக்கு வேலை கொடுக்க ஓட வைக்க வேண்டியதில்லை, ஏற வைத்தால் போதும்.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற மருத்துவ அமைப்பின் நடைக்கான சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 5 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் நடக்க ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 12 மில்லி ஆக்சிஜன் செலவாகும். 5 சதவீதச் சரிவில் 19, 10 சதவீதத்தில் 27. வேகத்தைத் தொடாமலே உழைப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஓட முடியாத முட்டிக்காரர்களுக்கு இது பெரிய வரம். மோட்டாருக்கும் நல்லதே: சரிவில் நம் எடையின் ஒரு பகுதி பெல்ட்டைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொடுக்கிறது. 80 கிலோக்காரர் 10 சதவீதச் சரிவில் தள்ளும் விசை 78 நியூட்டன். முன்பு பார்த்த 157 நியூட்டன் உராய்வில் பாதியை அவரே ஏற்றுக்கொள்கிறார். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் போய்விடும். திரையில் காட்டும் கலோரி உடம்பில் செலவாகியிருக்காது.

‘15 லெவல் ஆட்டோ இன்க்ளைன்’ என்று போட்டிருப்பது 15 சதவீதம் ஆகிவிடாது. டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். உச்ச லெவலில் வைத்து, டெக்கின் ஓரத்தில் 100 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகளைக் குறித்து, தரையிலிருந்து இரண்டின் உயரத்தையும் பாருங்கள். வித்தியாசம் 10 செ.மீ. என்றால் சரிவு ஏறத்தாழ 10 சதவீதம். பின்காலில் ஊசியை மாற்றிச் சாய்க்கும் மேனுவல் வகையில் நடந்துகொண்டிருக்கும்போது மாற்ற முடியாது, நாளடைவில் யாரும் மாற்றுவதும் இல்லை.

பெல்ட்டின் நீளம் ஓடுகிறவருக்குத்தான் முக்கியம் என்று நினைப்போம். நடக்கும்போது ஒரு கால் பெல்ட்டோடு எவ்வளவு தூரம் பின்னால் போகிறது தெரியுமா? நிமிடத்துக்கு 110 அடி வைத்து 5 கி.மீ. வேகத்தில் நடப்பவரின் பாதம் ஒவ்வொரு முறையும் சுமார் 0.65 நொடி பெல்ட்டைத் தொட்டிருக்கும். அதற்குள் 90 செ.மீ. பின்னால் போய்விடும். முன்னும் பின்னும் தடுமாற இடம் வேண்டும் என்பதால், நடைக்கே 115, 120 செ.மீ. இருந்தால்தான் பயமில்லாமல் கை வீசி நடக்கலாம். ஓட 130-க்கு மேல். அகலம் 42-க்குக் குறைந்தால் கண் கீழேயே இருக்கும். மடக்கும் வசதி, புளூடூத், ஸ்பீக்கர், மசாஜர் பற்றியெல்லாம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, இருந்தால் இருக்கட்டும்.

வீட்டில் எங்கே வைப்பது? எர்த் ஒழுங்காக உள்ள 16 ஆம்பியர் பாயின்ட்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் நேராகச் சொருக வேண்டும். ஓடும் பெல்ட் நிலைமின்சாரத்தைச் சேர்க்கும், அது இறங்கிப் போக எர்த் வேண்டும். கோடை மாலைகளில் வோல்டேஜ் தள்ளாடும் ஊர் என்றால் ஸ்டெபிலைசர் அவசியம். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் இணைக்கவே கூடாது. ஏறி நின்றால் நாம் 15, 20 செ.மீ. உயர்ந்துவிடுவோம், பரணுக்கு அடியிலோ சீலிங் ஃபேனுக்கு நேர் கீழேயோ வைக்கும் முன் கையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். அடுக்குமாடி என்றால் கனமான ரப்பர் மேட் போடுங்கள். கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்பது மோட்டார் சத்தம் இல்லை, கான்கிரீட் வழியாக இறங்கும் காலடி அதிர்வு.

கரன்ட் போனால் பெல்ட் ஓரிரு அடிக்குள் நின்றுவிடும், ஆனால் கால் நடந்துகொண்டே இருக்கும். உடம்பு முன்னால் போய்த் திரையில் மோதும். தடுமாறி விழுந்தால் பின்பக்கச் சுவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளாமல் இருக்க, பின்னால் இரண்டு மீட்டர் காலி இடம் விடுங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் கவனம் தேவை. 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோடான் நிறுவனம் தனது டிரெட் பிளஸ் மாடலில் சுமார் 1,25,000 இயந்திரங்களைத் திரும்பப் பெற்றது. அந்த டிரெட்மில்லின் பின்பக்கம் அடியில் இழுக்கப்பட்டு ஒரு குழந்தை இறந்திருந்தது. பெல்ட் பின் ரோலரைச் சுற்றிக் கீழே திரும்பும் இடம் எல்லா டிரெட்மில்லிலும் உண்டு. அங்கே கை வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், தோலும் உராய்ந்து வெந்துவிடும். நடக்கும்போது சிவப்பு நாடாவோடு வரும் சேஃப்டி கீயைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். நடந்து முடித்ததும் அதைக் கழற்றிக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, சுவரில் ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள்.