திரைக்கு வருவதற்குள் பழசாகிவிடும் பதில்

ஒரு பட்டியலின் முதல் பக்கத்தைப் பார்த்து முடித்துவிட்டு ‘அடுத்து’ என்று அழுத்துகிறீர்கள். சற்றுமுன் கடைசியில் பார்த்த அதே பதிவு, இரண்டாம் பக்கத்தின் தலையில் மறுபடியும் நிற்கிறது. தரவைக் கேட்கும் கட்டளையான குவெரி சரியாகத்தான் ஓடியிருக்கிறது. சர்வரும் பிழை எதுவும் சொல்லவில்லை. அப்புறம் எப்படி?

பிரவுசர் கேட்பதை சர்வர், தரவுத்தளத்துக்குப் புரியும் எஸ்க்யூஎல் மொழியில் குவெரியாக்கித் தரவுத்தளத்திடம் கொடுக்கிறது. கிடைத்த பதிவுகளை ஜேசன் என்ற உரை வடிவில் அடுக்கி அனுப்புகிறது. பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதைப் பிரித்துத் திரையில் வரைகிறது. வழக்கமான முறையில், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். நம் கையில் இருப்பது அந்தக் கணத்தில் எடுத்த ஒரு புகைப்படம். அதற்குப் பிறகு தரவுத்தளத்தில் என்ன நடந்தாலும், மறுபடி கேட்காதவரை திரைக்குத் தெரியாது.

இப்போது இரண்டாம் பக்கத்துக்கு வருவோம். பல செயலிகள் இதை ஆஃப்செட் முறையில் கேட்கின்றன: “புதியது முதலில் என்று அடுக்கி, முதல் 20 பதிவுகளைத் தள்ளிவிட்டு அடுத்த 20ஐக் கொடு.” நீங்கள் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது வேறு யாரோ ஒரு புதுப் பதிவைச் சேர்த்துவிட்டார்கள். எல்லாம் ஒரு படி கீழே இறங்கின. 20ஆவதாக இருந்தது 21ஆவதாகி, இரண்டாம் பக்கத்தின் தலைக்கு வந்துவிட்டது. யாராவது ஒரு பதிவை நீக்கியிருந்தால் இன்னும் மோசம்: 21ஆவது மேலே ஏறி 20ஆவதாகும், நீங்கள் அதைப் பார்க்கவே மாட்டீர்கள். இரண்டு முறை வந்தால் கண்ணில் படும். விடுபட்டது யார் கண்ணிலும் படாது. இதைத்தான் நான் பெரிய ஆபத்தாக நினைக்கிறேன்.

வேகமும் அடிவாங்கும். ஒரு லட்சம் பதிவுகளைத் தள்ளிவிடச் சொன்னால், தரவுத்தளம் அத்தனையையும் கடந்து சென்று கழித்துவிட்டுத்தான் உங்கள் 20ஐ எடுக்கும்.

இதற்கு நல்ல மருந்து, எண்ணிக்கையை விட்டுவிட்டு அடையாளம் வைத்துக் கேட்பது. “நான் கடைசியாகப் பார்த்த பதிவின் நேரம் இது, இதற்கு முந்தைய 20ஐக் கொடு.” மேலே எத்தனை பதிவுகள் சேர்ந்தாலும் அந்த இடம் நகராது. பொருத்தமான இன்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போன்ற ஒரு பட்டியல், இருந்தால் தரவுத்தளம் நேராக அங்கேயே போய்விடும். ஒரு நுணுக்கம் உண்டு: ஒரே நேரத்தில் இரண்டு பதிவுகள் வந்திருக்கலாம். அதனால் நேரத்தோடு பதிவு எண்ணையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். இந்த முறையில் ‘57ஆம் பக்கம்’ என்று தாவ முடியாது. கீழே உருட்டிக்கொண்டே போகும் பட்டியலுக்கு அது ஒரு இழப்பே இல்லை.

தட்டத் தட்டத் தேடும் பெட்டியில் வேறொரு சிக்கல். ‘ம’ என்று தட்டியதும் ஒரு கோரிக்கை போகிறது. ‘மழை’ என்று முடித்ததும் இன்னொன்று. ‘ம’வுக்குப் பொருந்துபவை ஏராளம், பதில் தாமதமாகலாம். ‘மழை’க்கான பதில் முந்திக்கொண்டு வந்து திரையில் ஏறுகிறது. அப்புறம் ‘ம’வின் பதில் வந்து அதை அழித்துவிடுகிறது. பெட்டியில் இருப்பது ஒன்று, கீழே பட்டியல் வேறு. தட்டுவது நின்று 300 மில்லிவினாடி கழித்துக் கேட்டால் இது குறையும், தீராது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண் கொடுத்து, கடைசி எண்ணுக்கான பதிலை மட்டும் ஏற்பதுதான் நம்பகமானது. பழைய கோரிக்கையை பிரவுசரிலேயே ரத்தும் செய்யலாம். ஆனால் சர்வரில் ஓடத் தொடங்கிய குவெரி அதனால் நின்றுவிடும் என்று நம்பக்கூடாது.

வரும் வழியில் தரவே மாறிவிடுவதும் உண்டு. தரவுத்தளத்தில் ஒரு பதிவின் எண் 9007199254740993 என்று வைத்துக்கொள்வோம். ஜேசன் உரையில் அது அப்படியே இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் அதைச் சாதாரண எண்ணாகப் பிரித்ததும் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். அந்த வகை எண்ணால் 2இன் 53ஆம் அடுக்கைத் தாண்டிய எல்லா முழு எண்களையும் துல்லியமாகப் பிடித்துவைக்க முடியாது. இந்த எண்ணை வைத்து ‘நீக்கு’ என்று அழுத்தினால், நீக்கச் சொல்லிப் போவது வேறொரு பதிவை! ட்விட்டர் 2010இல் தன் பதிவு எண்களை எழுத்துச் சரமாகவும், அதாவது எண்ணாகக் கருதாத வெறும் எழுத்து வரிசையாகவும், சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது இதனால்தான். பெரிய அடையாள எண்களை சர்வரிலிருந்தே சரமாக அனுப்பிவிடுவது நல்லது.

பழைய புகைப்படம் உண்மையிலேயே கையைச் சுடுவது, திருத்திச் சேமிக்கும்போது. இரண்டு பேர் ஒரே பதிவைத் திறக்கிறார்கள். முதலாமவர் தொலைபேசி எண்ணை மாற்றிச் சேமிக்கிறார். இரண்டாமவர் முகவரியை மட்டும் மாற்றுகிறார், ஆனால் படிவம் முழுவதும் போகிறது, பழைய தொலைபேசி எண்ணோடு. முதலாமவரின் திருத்தம் சத்தமில்லாமல் போய்விட்டது. இதைத் தடுக்க ஒவ்வொரு பதிவிலும் ஒரு பதிப்பு எண் வைக்கிறார்கள். சேமிக்கும் கட்டளை, “பதிப்பு இன்னும் 3ஆக இருந்தால் மட்டும் மாற்று, மாற்றியதும் 4 ஆக்கு” என்று போகும். முதலாமவர் ஏற்கெனவே 4 ஆக்கிவிட்டதால், இரண்டாமவரின் கட்டளைக்கு ‘மாறிய பதிவுகள்: 0’ என்று பதில் வரும். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் செயலி அவரிடம் புதிய தொலைபேசி எண்ணையும் அவர் தட்டிய முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிக் கேட்க வேண்டும். அவர் தட்டியதை மட்டும் எக்காரணம் கொண்டும் அழித்துவிடக்கூடாது.