ஷேல் எரிவாயு: பாறையில் இருப்பதெல்லாம் குழாயில் வராது

மறுபடியும் அதே எண் சுற்றுகிறது: ‘இந்தியாவில் 584 டிரில்லியன் கன அடி ஷேல் எரிவாயு!’ அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகத்தின் 2013 மதிப்பீட்டில் உள்ளதுதான். ஆனால் அது ஷேல் என்னும் களிப்பாறைக்குள் கிடப்பதாகப் போட்ட கணக்கு. எடுக்கக்கூடியது 96 டிரில்லியன் கன அடி என்று அதிலேயே இருக்கிறது. அதுவரை யாரும் படிப்பதில்லை. அந்த 96-ம் கையிருப்பு கிடையாது. வாயுவின் விலையோ கிணற்றின் செலவோ அதில் சேரவில்லை. கிணறு இறக்கி, பாறையை உடைத்து, வாயு தொடர்ந்து வந்து, செலவு போக மிஞ்சினால்தான் கையிருப்பு.

போலந்தைப் பாருங்கள். அங்கே எடுக்கக்கூடியது 187 டிரில்லியன் கன அடி என்று 2011-இல் அதே நிர்வாகம் சொன்னது. மறு ஆண்டே போலந்துப் புவியியல் நிறுவனம் பழைய கிணறுகளின் தரவை அலசி, பெரும்பாலும் 12 முதல் 27 வரைதான் என்றது. அங்கே ஷேல் வாயு தேடிய எக்ஸான்மொபில் எண்ணெய் நிறுவனம் அதே 2012-இல் மூட்டை கட்டியது.

அளக்கும் இடத்திலும் அலட்சியம்தான். வாயுவுக்கு மூலமான மொத்தக் கரிமக் கார்பன் பாறையில் 2 சதவீதம் தாண்டியதும் அறிக்கையை முடித்துவிடுகிறார்கள். பாறை எவ்வளவு வெந்திருக்கிறது என்ற முதிர்ச்சியை யார் பார்ப்பது? எண்ணெய் கலக்காத உலர் வாயு வேண்டுமென்றால் விட்ரினைட் (பாறையில் மிஞ்சிய மரத்துணுக்கு) ஒளியைத் திருப்பும் அளவு, அதாவது விட்ரினைட் எதிரொளிப்பு, 1.3 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். (போலந்தின் சிலூரியன் காலத்து ஷேலில் விட்ரினைட்டையே தேட முடியாது, மரங்கள் தோன்றுமுன் கடலில் படிந்தது. கிராப்டோலைட் என்னும் கடலுயிரியின் புதைபடிவத்தையோ, பாறையில் உறைந்த பிட்டுமின் என்னும் தாரையோ அளந்து விட்ரினைட் அளவாக மாற்றிக்கொள்ள வேண்டும்.) பாறைத்தூளைச் சூடாக்கும் ராக்-இவால் சோதனையில், கரிமப்பொருள் சிதைந்து வெளிவரும் எஸ்2 கிராமுக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் டிமேக்ஸை (எஸ்2 உச்சம் தொடும் வெப்பநிலை, முதிர்ச்சியைக் காட்டுவது) அடித்துவிடுங்கள். டீசல் கலந்த மட் (துளையிடும் சேறு) ஓடிய கிணற்றின் கட்டிங்ஸில் (துளையிடும்போது வரும் பாறைத்துகள்) எஸ்1, அதாவது பாறையில் ஏற்கெனவே இருக்கும் எண்ணெய்-வாயுவின் அளவு, எகிறினால், தயவுசெய்து அதைக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடாதீர்கள். களிக் கனிமம் பாதிக்கு மேல் என்றால், உடைத்த வெடிப்பு, அதைத் திறந்து வைக்கச் செலுத்தும் மணலை விழுங்கி மூடிக்கொள்ளும். களியை அளக்கும் எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனைக்குக் கொஞ்சம் தூள் போதும், அதையும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கோரை (கிணற்றடியில் வெட்டியெடுத்த பாறைத்தண்டு) கலனில் அடைத்து, வெளிவரும் வாயுவை அளக்கும் கேனிஸ்டர் சோதனையில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கோர் மேலே ஏறும்போதே வாயு கசியத் தொடங்கிவிடும். அந்த இழப்பை இந்தச் சோதனையில் நேராக அளக்க முடியாது. கேனிஸ்டரில் முதலில் வெளிவரும் வாயுவை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிரே வரைந்து, கோட்டைப் பின்னுக்கு நீட்டி ஊகிக்கிறோம். மூடத் தாமதமானால் ஊகத்தின் பங்கு ஏறும். கேனிஸ்டரைப் பாறையின் வெப்பநிலையிலேயே வைக்காவிட்டால் கோடே கோணிவிடும். கோர் அடியிலிருந்து கிளம்பிய நேரம், மேலே வந்த நேரம், மூடிய நேரம் மூன்றும் லேபிளில் இல்லாத மாதிரியை ஆய்வகம் திருப்பி அனுப்பட்டும்.